மெதுவான பாட்டும் உயிரோடிருந்த அப்பாவும்

ஒருவன் மதம் மாறினால்கூட எங்கள் ஊர்ச் சனம் கொஞ்ச நாளில் மறந்துவிடும். பாட்டின் வேகத்தை மாற்றினால் மறக்காது. "ஏன் மாத்தினவன்?" என்று கேட்கும். "சும்மா, ஆசையாக் கிடந்தது" என்று சொன்னால் நம்பாது. சும்மா என்று ஒன்று வன்னியில் நடப்பதில்லை.

நான் உருத்திரபுரத்தில் ஹிப் ஹொப் பாட்டுகளுக்கு இசை அமைக்கிறவன். வீட்டின் பின்னறைச் சுவர் முழுக்க முட்டை அடுக்கும் மட்டை ஒட்டி, அதற்கு ஸ்டூடியோ என்று பெயரும் வைத்திருந்தேன். சொற்களை எழுதிப் பாடுவது கயன். பள்ளிக்கூடக் காலத்துக் கூட்டாளி. எங்கள் பாட்டை ஓட்டோவில் போட்டால் பின்சீற்றில் இருப்பவரின் கட்டுப்பல் ஆடும். அதுதான் எங்கள் தரம்.

ஒரு மாரியில், தகரத்தில் மழை விழுகிற சத்தத்தைப் பதிவு செய்தேன். மேலே கொஞ்சம் மவுத் ஓகன். மேளம் இல்லை, கயனும் இல்லை. கேட்கக் கேட்க எனக்கே என்னில் மரியாதை வந்தது. அப்படியே இணையத்தில் ஏற்றிவிட்டேன்.

முதலில் கயன் ஃபோன் எடுத்தான்.

"டேய், பாட்டில மேளத்தை ஆரும் களவெடுத்திட்டாங்களோ?"

"இது வேற மாதிரியடா."

"என்ர குரல் எங்க?"

"இதுக்குக் குரல் தேவைப்படேல்ல."

"ஓ… தேவைப்படேல்ல" என்றான். அதோடு வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டான்.

ஓட்டோக்காரர்கள், நான் வெளிநாட்டு விசாவுக்கு அலுவல் பார்க்கிறேன் என்று முடிவெடுத்தார்கள். (மெதுவான பாட்டுக்கும் விசாவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டேன். "அது உமக்குத்தான் தெரியும்" என்றார்கள்.) அம்மா சோற்றுக் கோப்பையோடு வந்து முன்னால் இருந்தா.

"ஆரவள்?"

"ஒருத்தியும் இல்லையம்மா."

"அப்ப ஏன் பாட்டு அழுகுது?"

அப்பா என் கண்ணை உற்றுப் பார்த்தார். பிறகு கொடியில் கிடந்த என் சட்டைப் பையை மணந்து பார்த்தார். இந்தக் காலத்தில் பெடியள் எதை எதையோ பாவிக்கிறார்களாம்.

எல்லாவற்றிலும் மோசம் 'உண்மை விளம்பி' என்ற பெயரில் பாட்டுக்குக் கீழே எழுதியவர். "இப்பாடலை இவர் இயற்றியிருக்க வாய்ப்பில்லை. எங்கிருந்து பெற்றார் என்பதைத் தெரிவிப்பாரா?" இது கயன்தான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. ஊர் என்னைச் சந்தேகித்தது, நான் கயனைச் சந்தேகித்தேன்.

அந்த நேரத்தில்தான் விளையாட்டுக் கழகம் புதிய கரப்பந்தாட்டத் திடலைத் திறந்தது. செயலாளர் நேசன் அண்ணை, "தம்பி, உம்மட இடிக்கிற பாட்டொண்டு போடும்" என்று கேட்டார். பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளில் கேட்டால்தான் சனத்துக்கு என் புதுப் பாட்டு விளங்கும் என்று நினைத்தேன். ஒலிபெருக்கிக்காரர் தவம் அண்ணையிடம் மெதுவான பாட்டைக் கொடுத்தேன்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். ஊரில் யார் செத்தாலும், ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தல் வாசிப்பது நேசன் அண்ணைதான். அவருக்கு வேறு குரல் கிடையாது.

"உருத்திரபுரத்தைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட செல்லத்துரை அவர்களின் அன்புப் புதல்வன்…" என்று தொடங்கினார். செல்லத்துரை என்றால் என் அப்பா. அந்தப் பெயருக்குப் பிறகு வந்ததையெல்லாம் காற்று கொண்டுபோய்விட்டது. உடனே மழைச் சத்தம், மவுத் ஓகன். ஒலிபெருக்கிக் குழாய்களை வாய்க்கால் கட்டுவரை கட்டியிருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒலிபெருக்கியில் அப்படி ஓர் இசை போனால் சனம் அப்படியே நிற்கும். செத்தவீடு என்று யாரும் விளக்கத் தேவையில்லை. விளையாட வந்தவர்கள் பந்தைக் கையில் பிடித்தபடி நின்றார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். தவம் அண்ணை மட்டும், "பேஸ் வரேல்ல, வயர் போச்சு" என்று பெட்டியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

சனத்துக்கு விளங்கிவிட்டது என்று எனக்குக் கண் கலங்கியது. (விசரன்!)

ரோட்டால் போன பெரியவர் ஒருவர் சைக்கிளைப் போட்டுவிட்டு வந்து என் இரண்டு கையையும் பிடித்தார்.

"என்ன தம்பி, இப்பிடித் திடீரெண்டு?"

"எனக்கே தெரியாது ஐயா. நெஞ்சில இருந்து வந்தது."

"நெஞ்சோ…"

"ஓம். ஒரே நாளில முடிஞ்சுது."

"பாயில கிடந்து இழுபடாமல் முடிஞ்சுதே, அதுவே புண்ணியம்" என்றார். நல்ல விமர்சனம் என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் அம்மா ஃபோன் எடுத்தா.

"டேய், வாசல் முழுக்கச் சனம். ஒருத்தி என்னைக் கட்டிப் பிடிச்சு அழுகிறா. கொப்பருக்கு என்னடா? வயலுக்குப் போன மனிசன் இன்னும் வரேல்ல!"

அப்பாவுக்கு எடுத்தேன். பதில் இல்லை. அப்போதுதான் பெரியவர் கேட்டதெல்லாம் எதைப்பற்றி என்று மெல்ல விளங்கியது. விளங்கியும், அப்பாவுக்குத் திரும்பத் திரும்ப எடுத்தேன். ஒருவேளை உண்மையாகவே ஏதும் நடந்திருந்தால்?

திறப்புவிழாவுக்கு வந்து தள்ளி நின்ற கயன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்தான். "ஏறடா" என்றான்.

வீட்டில் வெள்ளைச் சேலைகள். யாரோ பிளாஸ்ரிக் கதிரைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா வாசலைப் பார்த்தபடி படியில் இருந்தா. அந்த முகத்தை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வராது.

அப்போது ஒழுங்கைக்குள் லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் சத்தம். உடம்பெல்லாம் சேறோடு அப்பா இறங்கி, படலையடியில் நின்றவரிடம் மெதுவாகக் கேட்டார்:

"ஆர் செத்தது?"

அந்த மனிசன் தலையைக் குனிந்துகொண்டு, "நீங்கள்தான் அண்ணை" என்றார்.

அப்பா கதிரைகளைப் பார்த்தார். சனத்தைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

"நான் அப்பவே நினைச்சனான், இவன்ர கண் சரியில்லையெண்டு."

அம்மா ஒருமுறை ஓவென்று அழுதா. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வந்ததுக்குத் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்று குசினிக்குள் போனா. கயன் நிலத்தில் குந்தியிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "டேய், மேளம் இருந்திருந்தால் கொப்பர் செத்திருக்க மாட்டார்!"

அந்தச் சிரிப்பில் துணிவு வந்து, உண்மை விளம்பி நீதானே என்று கேட்டேன். சிரிப்பை நிறுத்திவிட்டு, "எனக்கு அப்பிடிப் பிழையில்லாமல் தமிழ் எழுத வருமோடா?" என்றான். நியாயமான கேள்வி. அந்த ஆள் யாரென்று இன்றுவரை தெரியாது. ஊரில் யாராவது சுத்தத் தமிழில் கதைத்தால் ஒருமாதிரித்தான் பார்க்கிறேன்.

அடுத்த பாட்டுக்குக் கயன் வந்தான், மேளமும் வந்தது. ஆனால் அந்த மெதுவான பாட்டு என் கையைவிட்டுப் போய்விட்டது. தவம் அண்ணை திருப்பித் தரவில்லை. "தம்பி, என்ர தொழிலுக்கு இதைப்போல ஒண்டு கிடைக்கேல்ல" என்றார். இப்போது பரந்தன் தொடக்கம் இரணைமடு வரை எந்தச் செத்தவீட்டிலும் அதுதான் போகிறது.

போன கிழமையும் அம்மா ஒரு செத்தவீட்டுக்குப் போய்வந்து, செருப்பைக் கழற்ற முதலே சொன்னா: "உன்ர பாட்டுப் போட்டவங்கள். சனமெல்லாம் ஒரே அழுகை."

அப்பா பேப்பரில் இருந்து தலையை நிமிர்த்தினார். "செத்த மனிசனுக்கு அழுததோ, பாட்டைக் கேட்டு அழுததோ?"

அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தா.

"எனக்கும் அந்தச் சந்தேகம் வந்ததுதான்."