கப்பல் மெத்தையில் அரக்குச் சாயம்

பெரிய காஞ்சிபுரம்,
சனிக்கிழமை.

வணக்கத்துக்குரிய மாமா திரு. அப்பாண்டைராஜ் அவர்களுக்கு, உங்கள் மாப்பிள்ளை மல்லிநாதன் எழுதுவது. ஜெய் ஜினேந்திரா. இங்கே நானும் திரிசலாவும் யுவராஜும் நலம். அய்யம்பேட்டையில் நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள், அத்தைக்கு முழங்கால் வலி சற்றுக் குறைந்திருக்கும் என்று நம்புகிறோம். கடையில் வியாபாரம் மோசமில்லை.

நலம் என்று எழுதியதைக் கடிதச் சம்பிரதாயம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உண்மையாகவே நலம். குறிப்பாக என் சிறுநீரகம் நலம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டுப் போன் கூடத்து மேஜையில் ஸ்பீக்கரில்தான் பேசும். கேட்கிறவர்கள் எத்தனை பேர் என்று பேசுகிறவருக்குத் தெரியாது. கப்பலிலிருந்து நாங்கள் இறங்கிய மறுநாள் நீங்கள் திரிசலாவிடம், "ஏம்மா, மாப்பிள்ளைக்கு இது கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்துதா?" என்று கேட்டபோது, உங்கள் பக்கம் பால்காரர் உச்சுக்கொட்டியது எங்கள் பக்கம் கேட்டது. ஆகவே கடிதம். படித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள். வியாழக்கிழமை எனக்காகச் சிறுநீரக டாக்டரிடம் வாங்கியிருக்கும் முன்பதிவை, காரணம் எதுவும் சொல்லாமல் நீக்கிவிடுங்கள். அத்தை எனக்காக நேர்ந்துகொண்டிருக்கும் பூஜையையும் முடிந்தால் வேறு யாருக்காவது மாற்றிவிடச் சொல்லுங்கள்.

கப்பலில் படுக்கையை நனைத்தது நான் இல்லை, மாமா. உங்கள் பேரன்.

யுவராஜுக்கு ஏழு வயது ஆகியும் வாரத்தில் இரண்டொரு நாள் இப்படி ஆகிவிடுகிறது. திட்டினால் அதிகமாகும் என்று தெரிந்து நாங்கள் திட்டுவதில்லை. வீட்டில் இது பெரிய காரியமும் இல்லை. மெத்தைமேல் ரெக்சின் ஷீட் கிடக்கிறது, காலையில் துணி மாடிக்குப் போகிறது, அவன் பள்ளிக்கூடம் போகிறான். நம் ஜைன வழக்கப்படி பொழுது சாய்ந்தால் சாப்பாடும் இல்லை, தண்ணீரும் இல்லை என்பதால் ஓரளவு கட்டுக்குள்தான் இருந்தது. பட்டு வியாபாரிகள் சிலர் குடும்பத்தோடு சென்னையிலிருந்து திருகோணமலைக்குக் கப்பல் சுற்றுலா போகிறோம், சாந்திராஜ் மச்சான் குடும்பமும் வருகிறது என்றதும் யுவராஜ் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். மச்சான் மகள் ஸ்ரேயாவுக்குத் தெரிந்தால் தான் வரவில்லை என்றான். ஒன்பது வயதுக்கு அந்தப் பெண்ணின் வாய் எப்படிப்பட்டது என்பது தாத்தாவான உங்களுக்கே தெரியும். ஒருமுறை பட்டப்பெயர் வைத்தால் அது ரேஷன் கார்டில் ஏறியதுபோல. யாருக்கும் தெரியவராது என்று அவன் தலையில் கைவைத்து வாக்குக் கொடுத்தேன். உங்களுக்கு மட்டும் எழுதலாமா என்று இன்று காலை அவனிடம் கேட்டு, அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன்.

கப்பல் அறைக்குள் நுழைந்து திரிசலா பெட்டியைத் திறந்ததுமே ஸ்ரேயா வந்து நின்றாள். மேலாக இருந்த ரெக்சின் ஷீட்டைப் பார்த்து, "இது எதுக்கு அத்த?" என்றாள். திரிசலாவுக்குப் பொய் வராது என்று நீங்கள் பெருமையாகச் சொல்வீர்கள். அன்று வந்தது. மேல்தளத்தில் விரித்துச் சாப்பிடுவதற்கு என்றாள். அடுத்த கணமே ஸ்ரேயாவின் அம்மா வந்து, நல்ல யோசனை அண்ணி என்று ஷீட்டை வாங்கிக்கொண்டு போனார். அது அப்புறம் அவர்கள் அறையிலேயே தங்கிவிட்டது. திருப்பிக் கேட்டால் எதற்கென்று சொல்ல வேண்டும். டயப்பர் போட்டுக்கொள்கிறாயா என்று கேட்டதற்கு யுவராஜ், "நான் பாப்பா இல்லப்பா" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். இருந்தது ஒரே வழி. திரிசலா தன் பட்டுப்புடவையைச் சுற்றிக் கொண்டுவந்திருந்த எங்கள் கடைத் துணி, அரக்கு நிறத்தில் கனமான கைத்தறிப் பருத்தி. வாடிக்கையாளர் முன்னால் நனைத்த வெள்ளைக் கைக்குட்டையால் தேய்த்து, பாருங்கம்மா சாயம் ஒட்டவே ஒட்டாது என்று நானே காட்டுகிற துணி. அதை நாலாக மடித்து விரிப்புக்கு அடியில் போட்டேன். தண்ணீருக்கு நான் உத்தரவாதம் கொடுத்திருக்கிறேன். சிறுநீருக்கு இதுவரை யாரும் உத்தரவாதம் கேட்டதில்லை.

சாப்பாட்டுக் கூடம் இருட்டிய பிறகுதான் திறக்கும் என்பதால், வெளிச்சத்தோடு சாப்பிட்டு முடிக்க எல்லோரும் மேல்தளத்துக்குப் போனோம். அங்கே ஜூஸ் இயந்திரம் ஒன்று இருந்தது. பொத்தானை அழுத்தினால் வரும், எத்தனை முறை அழுத்தினாலும் வரும். ஸ்ரேயா ஒரு டம்ளர் குடித்தால் இவன் இரண்டு குடித்தான். போதும்டா என்றதற்கு, "சூரியன் முங்கறதுக்குள்ள குடிச்சா கணக்கு கிடையாதுப்பா" என்றான். அந்தச் சட்டத்தை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நாம்தான் என்பதால் மறுத்துப் பேச முடியவில்லை. ஊரில் என்றால் சூரியன் யார் வீட்டு மாடிக்குப் பின்னாலாவது சீக்கிரம் போய்விடும். கடலில் மறைப்பதற்கு எதுவும் இல்லை. கடைசி விளிம்பு வரை தெரிந்துகொண்டே இருந்தது, விளிம்பு தெரிகிறவரை அவன் குடித்துக்கொண்டே இருந்தான்.

விடிந்து பார்த்தால் விரிப்பு நனைந்திருந்தது. அது எதிர்பார்த்ததுதான். விரிப்பைத் தூக்கியபோதுதான் அரக்குச் சாயம் மெத்தையில் இறங்கியிருப்பது தெரிந்தது. நம் குடும்பத்தில் எறும்பைக்கூட மிதிக்காமல் நடக்கிறோம். கப்பல்காரர்களின் வெள்ளை மெத்தையைப் பார்த்தால் ஆடு அறுத்த இடம்போல் இருந்தது. விரிப்பைக் குளியலறையில் அலசித் தலைமுடி உலர்த்தும் மிஷினால் காய வைத்தோம். மெத்தையை அலச முடியுமா? மேலே திரிசலாவின் சால்வையைப் போர்த்தி, யாரும் உள்ளே வரவேண்டாம் என்கிற அட்டையைக் கதவில் மாட்டிவிட்டு, சிரித்த முகத்தோடு திருகோணமலையில் இறங்கினோம். ஆனால் எங்கள் அறையைச் சுத்தம் செய்கிற கிறிஸ்டோபர், ராயபுரத்துக்காரர், துண்டை மடித்து யானை செய்து வைப்பதாக யுவராஜிடம் சொல்லியிருக்கிறார். அட்டை தொங்கினால் யானை வராது என்பதால், கடைசியாக வெளியே வந்த யுவராஜ் அதைக் கழற்றி உள்ளே போட்டுவிட்டான்.

மாலையில் கப்பலுக்குத் திரும்பியபோது மற்றவர்களின் பயண அடையாள அட்டைக்கெல்லாம் பச்சை விளக்கு எரிந்தது. எங்கள் மூவர் அட்டைக்கும் சிவப்பு. பக்கத்தில் இருந்த ஒரு சின்ன அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். வடக்கத்திய பாதுகாப்பு அதிகாரி ஒருவர், கப்பல் டாக்டரம்மா, மொழிபெயர்க்கக் கிறிஸ்டோபர். எங்கள் குழுவுக்குப் பெரியவர் என்கிற முறையில் பட்டு வியாபாரி கைலாசம் அண்ணன் உள்ளே வந்தார். வாசலில் மச்சான், அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்ரேயா. அதிகாரி செல்போனில் எங்கள் மெத்தையின் படத்தைக் காட்டினார். டாக்டரம்மா யுவராஜ் முன்னால் மண்டியிட்டு அவன் சட்டைக் கையை மெல்ல மடித்துப் பார்த்தார், பிறகு முதுகைப் பார்த்தார். அவர்கள் என்ன தேடுகிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிறிஸ்டோபர் குனிந்து, "தம்பி, யார்னா உன்ன அடிச்சாங்களாப்பா? பயப்படாத. அப்பாவ வெளிய போவச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். திரிசலா என் முழங்கையைப் பிடித்தாள்.

ரத்தம் இல்லை, துணிச் சாயம், தண்ணீர் பாட்டில் கவிழ்ந்துவிட்டது என்றேன். அதிகாரி நம்பவில்லை. கைலாசம் அண்ணன் போனை வாங்கிப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "ரத்தம் இல்ல சார். நம்ம அரக்கு" என்றார், தன் பேரனை அடையாளம் காட்டுகிறவர்போல. எனக்கு மூச்சு வந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். என் கடைப் பெயருக்குக் களங்கம் வந்துவிடக் கூடாது என்கிற நல்ல எண்ணத்தில் மேலே பேசினார். "ஆனா மல்லி, தண்ணிக்கு இப்டி ஓடாதேப்பா. உன் துணி எனக்குத் தெரியாதா? சுடுதண்ணிக்கே அசையாது. என்னா பட்டுச்சு அது மேல?" என்றார். கிறிஸ்டோபர் இதையும் ஒரு வார்த்தை விடாமல் அதிகாரிக்கு மொழிபெயர்த்தார்.

டாக்டரம்மாவின் கண் யுவராஜ் பக்கம் திரும்பியது. யுவராஜ் அழவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. வாசலில் நின்ற ஸ்ரேயாவைப் பார்த்தான். காது இரண்டும் சிவந்துவிட்டன. இன்னும் ஒரு கேள்வி கேட்டால் அந்தப் பிள்ளை அங்கேயே உடைந்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது.

"நாந்தான். தூக்கத்துல நனச்சிட்டேன்" என்றேன்.

கிறிஸ்டோபர் மொழிபெயர்க்கவில்லை. என்ன சொல்கிறார் என்று அதிகாரி கேட்டும் வாய் திறக்கவில்லை. "அண்ணா, நீங்களா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். நான்தான், சொல்லுப்பா என்றேன். சொன்னார். டாக்டரம்மா குழந்தையை விட்டு எழுந்து என் பக்கம் வந்தார். அதிகாரி கூரையைப் பார்த்தார். கைலாசம் அண்ணன் மட்டும், "அதானே பாத்தேன். சாயத்துல குத்தம் இல்ல" என்று நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார்.

அதன் பிறகு அந்தக் கப்பலில் எனக்கு நடந்த மரியாதையை எழுதினால் முடியாது மாமா. சர்க்கரை பார்த்தார்கள், பிரஷர் பார்த்தார்கள், இருமச் சொல்லிப் பார்த்தார்கள். அறைக்கு வந்தால் துண்டு யானை தயாராக உட்கார்ந்திருந்தது, பெரியவர்களுக்கான டயப்பர் பொட்டலத்தின் மேல். மறுநாள் காலை நான் காபியை வாயருகே கொண்டுபோனபோது சாந்திராஜ் மச்சான் டம்ளரைப் பக்குவமாக வாங்கிக்கொண்டு, "வேணாம் மச்சான், நைட்டுன்னு ஒண்ணு இருக்குதுல்ல" என்றார். மேல்தளத்தில் முன்பின் தெரியாத ஒருவர் தன் மாமனாருக்கு எள்ளுருண்டையில் குணமானதை எனக்கு விளக்கினார். மச்சான் நல்ல மனதோடு உங்களுக்கும் போன் செய்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு நன்மை நடந்தது. எனக்கென்று மெத்தைக்கு நீர் புகாத உறை போட்டுவிட்டார்கள். அன்று இரவும் யுவராஜ் நனைத்தான். விடிந்ததும் விரிப்பை நான் வெளிப்படையாகக் கிறிஸ்டோபர் கையில் கொடுத்தேன். அவர் என் தோளைத் தட்டிக் கொடுத்தார். கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த யுவராஜ், கதவு மூடியதும், "நாளைக்கும் நீதானப்பா?" என்று கேட்டான். ஆமாம்டா, ஊருக்குப் போகிறவரை நான்தான் என்றேன்.

ஊருக்கு வந்த பிறகும் நான்தான் என்றாகிவிட்டது. கடைக்கு வருகிறவர்கள் புடவையைப் பார்ப்பதற்கு முன் என் முகத்தைப் பார்க்கிறார்கள். அதைப் பொறுத்துக்கொள்வேன். டாக்டரிடம் போய்ப் பொய்யாகப் படுத்து ஸ்கேன் எடுத்துக்கொள்வது மட்டும் என்னால் ஆகாது. அதனால்தான் இத்தனையும் எழுதினேன். முன்பதிவை நீக்கிவிடுங்கள். யுவராஜிடம் இது பற்றி ஒரு வார்த்தையும் கேட்க வேண்டாம். ஸ்ரேயா காதில் எந்தக் காலத்திலும் விழ வேண்டாம். மற்றபடி என்னைப் பற்றி யார் என்ன கேட்டாலும், பரவாயில்லை, தேறி வருகிறார் என்று சொல்லிவிடுங்கள்.

அத்தைக்கு எங்கள் நமஸ்காரம். மச்சானுக்கும் அவர் வீட்டாருக்கும் அன்பு. ஸ்ரேயாவுக்கு ஆசிகள். உங்கள் ஆசி எங்கள் மூவருக்கும், இப்போதைக்கு எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவும், வேண்டும்.

இப்படிக்கு,
மல்லிநாதன்

பி.கு.: நேற்று தபாலில் சேர்க்க நேரமில்லை. இன்று ஞாயிறு, கோயில் வகுப்பில் பொய்யாமை விரதம் பற்றிப் பாடம் நடந்திருக்கிறது. யுவராஜ் தானாக எழுந்து நின்று, "படுக்கைய நனச்சது நாந்தான் டீச்சர். எங்கப்பா தாந்தான்னு பொய் சொல்லிட்டாரு. எனக்காகத்தான் சொன்னாரு. அந்தப் பாவம் அவருக்கு வருமா?" என்று கேட்டிருக்கிறான். ஒருவரும் நம்பவில்லை. அப்பாவின் மானத்தைக் காப்பாற்ற இந்தச் சின்ன வயதில் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறானே என்று டீச்சர் கண்கலங்கி, பிள்ளைகளை அழைத்துப்போக வந்திருந்த அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டார். ஸ்ரேயா தன் கடலை மிட்டாயை அவனுக்கே கொடுத்து, நீ ரொம்ப நல்லவன்டா என்றிருக்கிறாள். மச்சான் என் பையில் எள்ளுருண்டைப் பொட்டலம் ஒன்றைத் திணித்தார்.

ஆகவே மேலே நான் கேட்டுக்கொண்ட எதையும் செய்ய வேண்டாம். வியாழக்கிழமை முன்பதிவு அப்படியே இருக்கட்டும். யுவராஜும் வருகிறான். வண்டியில் வீடு திரும்பும்போது என் முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னான்: "நானும் டாக்டராண்ட வரேம்பா. நெசத்தச் சொன்னா இங்க யாரும் நம்ப மாட்றாங்க. அவரு டெஸ்ட்டு பண்ணிப் பாத்தா நம்புவாரு."