பால்மெரினோ பிரபுவை நம்பிக் கை தூக்கியது பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

நெய்வேலியை அடுத்த வடக்குத்து கிராமத்திலிருந்து தங்கள் நெடுநாள் சந்தாதாரன் சைமன்ராஜ் வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. தேவ கிருபையால் தாங்களும் தங்கள் வீட்டாரும் அச்சகத்தில் வேலை செய்வோரும் சுகமாக இருக்க வேண்டுமென்று ஜெபிக்கிறேன். இங்கே நாங்கள் சுகமாக இல்லை. அதில் தங்கள் மாத இதழுக்கும் கொஞ்சம் பங்கு இருப்பதால்தான் இந்தக் கடிதம்.

நான் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்ற பிறகு படிக்க நேரம் கிடைத்தது. வினை அங்கேதான் ஆரம்பம். தங்கள் ஜூன் இதழில் ஸ்காட்லாந்து தேசத்துப் பால்மெரினோ பிரபுவைப் பற்றிக் கட்டுரை போட்டிருந்தீர்கள். போதகர்கள் என்ன உடுப்பு உடுத்த வேண்டும் என்பதைக்கூடத் தானே தீர்மானிப்பதாகச் சார்லஸ் ராஜா சட்டம் கொண்டுவந்தாராம். பாராளுமன்றத்துக்குத் தானே வந்து உட்கார்ந்து, எதிர்த்து ஓட்டுப் போடுகிறவர்களின் பெயரைத் தன் கையாலேயே குறித்துக்கொண்டாராம். ராஜா குறிப்பதைப் பார்த்துக்கொண்டே பிரபு எதிர்த்து ஓட்டுப் போட்டாராம். படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது ஐயா. அந்த இடத்தில் ‘தொடரும்’ என்று போட்டு நிறுத்திவிட்டீர்கள்.

எங்கள் சபை சின்னச் சபை. அதற்கு அறிவழகன் என்கிற லேபர் கான்ட்ராக்டர் கூரை போட்டுக் கொடுத்தார், தரைக்கு டைல்ஸ் போட்டார், போதகருக்கு வீடு கொடுத்தார். நல்ல மனுஷன் என்றுதான் எல்லோரும் சொன்னோம். பிறகு பிரசங்கத்தை முதல் நாளே தனக்கு வாட்ஸப்பில் அனுப்ப வேண்டும் என்றார். பொறுமையைப் பற்றி மாதம் ஒரு பிரசங்கம் போதாது, இரண்டு வேண்டும் என்றார். கடைசியில் போதகருக்குப் புது வெள்ளை அங்கி தைத்துக் கொண்டுவந்தார். அதன் நெஞ்சில் நீல நூலில் ‘அறிவழகன் என்டர்பிரைசஸ்’ என்று தைத்திருந்தது. பாடகர் குழுவுக்கு அதே பெயர் முதுகில், போன் நம்பரோடு. பாட்டுப் பாடத் திரும்பி நிற்கிற பிள்ளைகளின் முதுகைப் பார்த்து நாங்கள் ஆமென் சொன்னோம்.

அதன் பிறகு பொதுக்கூட்டம் வைத்து, போதகர் நியமனம், பிரசங்கம், உடுப்பு எல்லாம் இனிமேல் புரவலர் விருப்பப்படி என்று தீர்மானம் வாசித்தார்கள். புரவலர் என்றால் அவர்தான். அவரே முன் வரிசையில் திரும்பி உட்கார்ந்து எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். “யாருக்குனா ஆட்சேபனை இருந்தா கை தூக்கலாம்” என்றார் செயலாளர். எனக்குப் பிரபு ஞாபகம் வந்தார். தூக்கினேன். நான் தூக்கினால் பின்னால் பத்துப் பேராவது தூக்குவார்கள் என்று நினைத்தேன். அதற்கு முந்தின வாரம் டீக்கடையில் அவரைத் திட்டியவர்களே அவ்வளவு பேர் இருந்தார்கள். திரும்பிப் பார்த்தேன். என் கை மட்டும்தான். அறிவழகன் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. ஒரு பெயரை ஞாபகம் வைத்துக்கொள்வது சிரமமா என்ன?

என் மகன் இனியன் அவரிடம்தான் கான்ட்ராக்ட் லேபர். மறுநாள் காலை ஷிப்டுக்குப் போனவனை அவருடைய சூப்பர்வைசர் நிறுத்தி, “ஒனக்கு கேட் பாஸ் போடலப்பா, அப்பாவாண்ட கேட்டுக்கோ” என்று அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்தவன் கத்தவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னான்: “நீங்க பர்மனென்ட்டா இருந்து ரிட்டையர் ஆனவரு. பென்ஷன் வருது. நான் கான்ட்ராக்ட். கைய தூக்கறதுக்கு முன்னாடி அத ஒரு தரம் நெனச்சிருக்கலாம்.” என் மனைவி மரியபுஷ்பம் அன்றிலிருந்து என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அந்த வாரமே தங்கள் ஜூலை இதழ் வந்தது. பிரபுமேல் ராஜதுரோக வழக்குப் போட்டு, ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் குற்றவாளி என்று சொல்லி மரண தண்டனை விதித்துவிட்டார்கள் என்று அதில் இருந்தது. பிறகு ராஜா மன்னித்துவிட்டாராம், இருக்கட்டும். இதை ஜூனிலேயே போட்டிருக்கக் கூடாதா ஐயா? காகிதம் போதவில்லையா?

யாரும் உள்ளூரில் இனியனுக்கு வேலை தரவில்லை. சேத்தியாத்தோப்பில் ஒரு அரிசி ஆலைக்கு மூட்டை ஏற்றப் போனான். மூன்றாவது வாரம் லாரியின் பின்கதவு கொக்கி விட்டு விழுந்ததில் வலது கையில் இரண்டு விரல்கள் நசுங்கிப்போய், எடுத்துவிட்டார்கள். மருமகள் வினோலியா குழந்தையைத் தூக்கிக்கொண்டு குறிஞ்சிப்பாடியில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது என்னிடம் சொல்லிக்கொண்டுதான் போனாள். மரியாதையான பெண்.

ஆஸ்பத்திரிக்குப் போதகர் வந்தார். யாருக்காக நான் கை தூக்கினேனோ அவரேதான் கூட்டத்துக்கு அடுத்த ஞாயிறு என்னைப் பெயர் சொல்லாமல், மோசேயை எதிர்த்ததால் பூமி விழுங்கிய கோராகு என்று பிரசங்கித்தவர். கட்டிலின் ஓரத்தில் பிஸ்கட் பாக்கெட்டை வைத்தார். “அந்த அங்கி கழுத்தாண்ட அரிக்குதுண்ணே. கழட்டுனா வூட்ட காலி பண்ணணும். எனக்கும் ரெண்டு பொண்ணுங்க” என்றார். பிறகு வந்த விஷயத்தைச் சொன்னார். நான் சபை நடுவில் மன்னிப்புக் கேட்டால் அறிவழகன் இனியனுக்குத் தன் ஸ்டோரில் வாட்ச்மேன் வேலை தருவாராம். “குந்திகினு பாத்துக்கற வேலைதாண்ணே. வெரலு வேணாம்.”

ஒப்புக்கொண்டுவிட்டேன். நாளை ஞாயிறு கேட்கப் போகிறேன். ஆகவே ஐயா, ‘நெய்வேலி சைமன்ராஜ் தம் செயலுக்கு வருந்துகிறார், பிரபுக்களைப் பற்றிய கட்டுரைகளை அரண்மனை இல்லாதவர்கள் பின்பற்ற வேண்டாம்’ என்று தங்கள் இதழில் சிறிய எழுத்திலாவது வெளியிடுங்கள். எனக்கு இனிமேல் இதழ் அனுப்ப வேண்டாம். தங்களையும் தங்கள் ஊழியத்தையும் கர்த்தர் குறைவில்லாமல் நடத்துவாராக. அச்சுக் கோர்ப்பவருக்கு என் அன்பைச் சொல்லவும். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
சைமன்ராஜ்

பின்குறிப்பு: நேற்று தபாலில் சேர்க்க முடியவில்லை. இன்று ஆராதனை முடிந்து வந்து எழுதுகிறேன். என்னை முன்னால் கூப்பிட்டார்கள். நான் போய் நின்று, “சபையாரே, நான் தெரியாம” என்று ஆரம்பித்தேன். அதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து மரியபுஷ்பம் எழுந்துவிட்டாள். “தெரிஞ்சிதான் தூக்குனாரு. அது சரின்னு எனக்கு அன்னிக்கே தெரியும், பயந்துகினு குந்தியிருந்தேன். மன்னிப்பு கேக்கறதா இருந்தா நான் கேக்கறேன், எம் புருஷன்கிட்ட” என்றாள். அறிவழகன் போதகரைப் பார்த்தார், போதகர் வேதப்புத்தகத்தைப் பார்த்தார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள், நான் பின்னாலேயே போனேன். எங்களோடு வேறு யாரும் வரவில்லை. கேட்டுக்கு வெளியே இனியன் கையில் கட்டோடு பைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். “என்னாம்மா ஆச்சு?” என்றான். “வேல போச்சுடா” என்றாள் அவள். அவன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். “வர்றதுக்கு முன்னாடியேவா?” என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தான். விபத்துக்குப் பிறகு அவன் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன். மேலே கேட்டுள்ள வருத்தத்தை வெளியிட வேண்டாம். இதழை என் மனைவி பெயருக்கு அனுப்பவும். நாளை முதல் வேறு வேலை தேட வேண்டும். எங்கே என்று தெரியவில்லை.