துரையின் போனில் பேசிய பொண்ணு

அன்றைக்கு எனக்கு ஒரே வேலை. காசிமேட்டு மீன் துறைமுகத்துக்குப் போய் ஒரு வஞ்சிரம் வாங்கி வர வேண்டும்.

மகளைப் பெண் கேட்டவர்கள் மதியம் சாப்பிட வருகிறார்கள். கல்யாணப் பேச்சு முடிகிற நாள். 'எங்க வூட்ல எப்பவும் வஞ்சிரம்தான்' என்று நான் ஏற்கெனவே அளந்து வைத்திருந்தேன்.

மனைவி கறாராகச் சொன்னாள்: "வஞ்சிரத்தோட வந்தா வூட்டுக்கு வா. இல்லாங்காட்டி அப்டியே கடல்ல எறங்கிடு."

எனக்கென்ன பயம்? மீன்பிடி லாஞ்ச் ஓட்டும் துரை என் தோஸ்து. நல்ல மீனாக ஒன்றை எடுத்து வைத்து, கரைக்குக் கிட்டே சிக்னல் கிடைத்ததும் ஒரு மிஸ்டு கால் கொடுப்பான். செல்போன் வந்த புதிது. ஊரே மிஸ்டு காலில்தான் குடித்தனம் நடத்தியது. தப்பித்தவறி எடுத்துவிட்டால், 'என் காசு போச்சே' என்று துரை ஒப்பாரி வைப்பான்.

காலையில் போன் ஒரு தடவை அடித்து அடங்கியது. பார்த்தால், துரை!

பையை எடுத்துக்கொண்டு திருவொற்றியூரிலிருந்து ஓடினேன் பாருங்கள், ஷேர் ஆட்டோக்காரனே என்னைக் கை காட்டி நிறுத்தி, "நைனா, நானும் ஏறிக்கட்டா?" என்றான்!

காசிமேட்டில் துரையின் லாஞ்சைக் காணோம். அவன் மனைவி பவானி மட்டும் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"துரை மிஸ்டு கால் குட்த்தானேம்மா?"

"அது நடுக்கடல்ல கீது நைனா. அங்கேர்ந்து மீனா கால் பண்ணும்?"

மறுபடியும் போன். துரை! இந்தத் தடவை அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தேன்.

தேனாய் ஒரு பெண் குரல். "வாழ்த்துகள்! உங்களுக்காகப் புத்தம் புதிய கார் காத்திருக்கிறது!"

"கார் கெடக்கட்டும்மா. துரை கைல குடு."

"விவரங்களுக்கு எண் ஒன்றை அழுத்தவும்."

"தூங்குறானா? எழுப்பும்மா!"

பவானியின் கத்தி பாதி மீனில் நின்றது. "யாரு நைனா அவ?"

இங்கேதான் நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடினால் அது நானா?

"தெர்லம்மா. சின்னப் பொண்ணு கொரலு. காரெல்லாம் வச்சிகீறா போல."

கொஞ்ச நேரத்தில் லாஞ்ச் வந்தது. வஞ்சிரத்தை இரண்டு கையிலும் தூக்கிக் காட்டியபடி துரை குதித்தான். "நைனா! சைஸைப் பாத்தியா!"

பவானி அவன் பையிலிருந்து போனைப் பிடுங்கினாள். "எவடா உன் லாஞ்ச்ல கீறா?"

"இன்னாடி பேஜாரு? ஐஸையும் மீனையும் தவுர இன்னா கீது?"

தராசுத் தட்டு பறந்து வந்தது. துரை வஞ்சிரத்தைக் கேடயமாகப் பிடித்தான். அடி விழுந்த வேகத்தில் கை வழுக்கி, மீன் தண்ணீரில் விழுந்தது. செத்த மீன்தான். ஆனால் அது நீந்திப் போனதை என் கண்ணால் பார்த்தேன்!

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. துரை!

அவன் போனோ பவானி கையில் சும்மா கிடக்கிறது. எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். "வாழ்த்துகள்! புத்தம் புதிய..."

பக்கத்தில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவர் சிரித்தார். "எவனோ பிராடு, துரை நம்பரைக் காட்டி வேற எங்கேர்ந்தோ பேசறான். பொண்ணும் இல்ல, காரும் இல்ல."

புருஷன் பெண்டாட்டி உடனே சேர்ந்துகொண்டார்கள். சேர்ந்து என் பக்கம் திரும்பினார்கள்.

"யோவ் பெர்சு!" என்ற பவானி, கூடையிலிருந்து சல்லிசான மத்தி மீனை அள்ளி என் பையில் கொட்டினாள். "இத்த எத்துகினு ஓட்றியா, இல்ல உன்னியும் வெட்டட்டா?"

வீட்டில் மனைவி பைக்குள் பார்த்தாள். "இன்னாய்யா இது?"

"வஞ்சிரத்தோட குட்டிம்மா."

அவள் கரண்டியை எடுப்பதற்குள் சம்பந்தி வீட்டார் வந்துவிட்டார்கள். பிழைத்தேன்.

இலையில் மத்தியைப் பார்த்ததும் சம்பந்தியின் முகம் சுருங்கியது. "வஞ்சிரம்னு சொன்னீங்களே?" மகள் கதவோரம் நின்று என்னை முறைத்தாள். சம்பந்தம் போச்சு!

அப்போது சம்பந்தியின் போனில் ஒரு மெசேஜ். படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படித்தார். முகம் அப்படியே மலர்ந்தது.

"சம்பந்தி! இதெல்லாம் இன்னாத்துக்கு? நேர்ல சொல்லக் கூச்சப்பட்டுகினு மெசேஜ்ல சொல்றீங்களே!"

எட்டிப் பார்த்தேன். அனுப்பிய நம்பர் என்னுடையது. 'வாழ்த்துகள்! உங்களுக்குப் புத்தம் புதிய கார்.'

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். மனைவி அதில் ஒரு மத்தியை வைத்து அடைத்துவிட்டாள். சம்பந்தி மத்தியை இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, அங்கேயே தேதி குறித்தார்.

பேரன் பள்ளிக்கூடம் போகிறான். சம்பந்தி வீட்டு வாசலில் இன்றைக்கும் கார் நிற்க இடம் விட்டுத்தான் கோலம் போடுகிறார்கள்.