வாத்துக் கட்டுரைக்குக் கிடைத்த மரியாதை

அன்புள்ள தங்கை வெனிங்குக்கு,

உன் அண்ணன் மனைவி சுதினா எழுதுவது. கிளாத்தெனில் நாங்கள் நலம், கோழிகளும் நலம், உன் அண்ணன் மட்டும் கொஞ்சம் வெளிறிப்போய் இருக்கிறார். பாண்டுங்கில் நீயும் பிள்ளைகளும் குறையில்லாமல் இருக்க அல்லாஹ் அருளட்டும்.

முதலில் நன்றி. லெபாரன் பெருநாளுக்கு வந்தபோது, கல்லூரி ஆய்விதழை நடத்த அந்த இலவச மென்பொருளைப் போட்டுக் கொடுத்தாயே, அதற்கு. முன்பெல்லாம் கட்டுரைகள் என் அரிசிப் பானை மேல் கிடக்கும். எது யாரிடம் போயிருக்கிறது என்று இதழாசிரியரான உன் அண்ணனுக்கே தெரியாது. இப்போது கட்டுரை வருவது, இரண்டு பேர் படித்துப் பார்ப்பது, வெளியாவது எல்லாம் ஒரே இடத்தில். எங்கோ இருக்கும் முகம் தெரியாத மனிதர்கள் அதை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், மாற்றிக்கொள்ளுங்கள் என்று சும்மா கொடுத்திருக்கிறார்களாம். அவர்கள் வீட்டு அடுப்பு அணையாமல் எரியட்டும்.

ஆனால் மாற்றிக்கொள்ளலாம் என்பதை உன் அண்ணனிடம் சொன்னாய் பார், அங்கேதான் பிடித்தது வினை. கல்லூரி முதல்வர் பாக் பிரவோதோ, கமெலான் இசை கேட்டால் வாத்து நிறைய முட்டையிடும் என்று ஒரு கட்டுரை அனுப்பினார். படித்தவர்கள் இருவருமே வேண்டாம் என்றுவிட்டார்கள். ஆய்வில் இருந்ததே ஆறு வாத்து, அதில் இரண்டு ஆண். போட்டால் இதழுக்கு அரசு அங்கீகாரம் கிடைக்காது. போடாவிட்டால் உன் அண்ணனுக்கு ஆசிரியர் நாற்காலி இருக்காது. மறுப்புக் கடிதம் மென்பொருளிலேயே தயாராக இருக்கிறது, இரண்டே வரி, பொத்தானை அழுத்தினால் போய்விடும். அழுத்துவாரா? இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் மூன்றாம் முறை சாப்பிடுகிற ஆள்!

"ரொம்ப மொட்டையா இருக்கு சுதினா" என்று அந்தக் கடிதத்தை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். தங்கள் கட்டுரையின் ஒளியைத் தாங்க எங்கள் சிற்றிதழுக்கு வலுவில்லை, அது இதைவிட உயர்ந்த இடத்தில் அமர வேண்டுகிறோம் என்று. எழுதி, அழுத்தி, நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாளே முதல்வர் வீட்டில் விருந்து! தெருவே அங்கே இருந்தது. மஞ்சள் சோற்றுக் கோபுரம் நடுவில், இசை கேட்ட வாத்துகளில் ஒன்று வறுவலாகப் பக்கத்தில். "என் கட்டுரைய ஏத்துக்கிட்டாங்க" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்கிறார் மனிதர். நான் உன் அண்ணனை இடித்தேன்.

"சொல்லித் தொலைங்க."

"சாப்பிட்டுட்டுச் சொல்றேன்."

"அவர் வாத்தைத் தின்னுட்டா அப்புறம் வாயே வராது உங்களுக்கு."

அதற்குள் முதல்வரின் மகள் விருந்தாளிகளுக்குக் காட்டக் கைப்பேசியில் அப்பாவின் கணக்கில் இதழைத் திறந்துவிட்டாள். கட்டுரைக்கு நேராகச் சிவப்பாக ஒரே சொல்: மறுக்கப்பட்டது. மென்று கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

"பாக் சுவோந்தோ, உங்க கம்ப்யூட்டர் தப்பா சொல்லுதா?" என்று முதல்வர் உன் அண்ணனைக் கேட்டார்.

"இல்லைங்க ஐயா."

அவர் வாயிலிருந்து 'இல்லை' வந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"அப்ப நீங்க எழுதின கடிதம்?"

"அதுலயும் அதையேதாங்க சொல்லியிருக்கேன்."

பாக் பிரவோதோ கடிதத்தை எடுத்து உரக்கப் படித்தார். படிக்கப் படிக்கத் தொந்தி குலுங்கச் சிரித்தார். "என் கல்யாணத்துல கூட யாரும் என்னை இப்படிப் புகழ்ந்ததில்லப்பா! சரி, இன்னும் எத்தனை வாத்து வேணும், அதைச் சொல்லுங்க" என்றார். இதழ் வாத்துக் கட்டுரை இல்லாமல் சுத்தமாக வெளியானது. உன் அண்ணன் நாற்காலியும் பிழைத்தது. கூச்சநாச்சம் பார்க்காமல் உள்ளதைச் சொல்ல இந்த ஊரில் ஒருவராவது வேண்டாமா? அந்த மென்பொருளைக் கொடுத்த புண்ணியவதி நீ. உன் கை நோகாமல் இருக்கட்டும், உன் வீட்டில் மழைக்காலத்திலும் துணி காயட்டும்.

இப்படிக்கு உன் அண்ணி,
சுதினா

பி.கு.: இன்று காலை முதல்வரிடமிருந்து உன் அண்ணனுக்கு ஒரு கடிதம். இதழின் பாரத்தைத் தங்கள் தோள் நெடுங்காலம் சுமந்துவிட்டது, இனி மாலைப் பொழுதுகளைக் குடும்பத்தோடு கழிக்கும் இன்பம் தங்களுக்கு வாய்க்கட்டும் என்று அவ்வளவு அழகாக எழுதியிருக்கிறார். உன் அண்ணன் பூரித்துப்போய் அதைச் சட்டம் போட்டு மாட்டக் கடைக்குப் போயிருக்கிறார். அவர் திரும்பி வருவதற்குள் நீ கொஞ்சம் அந்த மென்பொருளைத் திறந்து, ஆசிரியர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லேன்.