குலுக்கலில் விழாத தஸ்னீம்

திறமையை மதிப்பதில் அமெரிக்காவை மிஞ்ச இன்னொரு நாடு இனிமேல்தான் பிறந்து வர வேண்டும். உலகத்துக் கணினி மூளைகளையெல்லாம் விண்ணப்பிக்கச் சொல்லி, பெயர்களை ஒன்றாகக் கொட்டி, குலுக்கி எடுக்கிற பெருந்தன்மை வேறு யாருக்கு வரும்?

போடிநாயக்கனூர் தஸ்னீமுக்கு அந்தப் பெருந்தன்மை மூன்றாவது வருஷமாகக் கிடைத்தது. 'தேர்வாகவில்லை' என்று மின்னஞ்சல் வந்தபோது, அவளைப் பெற்ற அத்தா அபுபக்கர் ஏலக்காய் ஏலத்தை முடித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

"பரீச்சையில தப்பாப் போச்சாம்மா?"

"பரீச்சை இல்லத்தா, குலுக்கல். விசாவுக்கு வரம்பு வச்சிருக்காங்க. என் சீட்டு விழுகல."

"ஏலக்காய் வாங்கவே உருட்டிப் பாக்குறோம், உரிச்சு மோந்து பாக்குறோம். ஆளை எடுக்க ஒண்ணும் பாக்க மாட்டாகளா?"

"அவங்க ஊர்க்காரங்க வேலையைக் காப்பாத்தத்தான் அந்த வரம்பாம்."

"அப்பச் சரி. அவுகளும் பிள்ளகுட்டிக்காரவுகதான" என்றார் அபுபக்கர். ஏலத்தில் தோற்றாலும் எதிராளியை வாழ்த்துகிறவர் அவர்.

தஸ்னீமுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அழுகைதான் நிற்கவில்லை.

பத்தாம் நாள், அவள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் அமெரிக்க நிறுவனத்தின் சென்னை மேலாளர் பிரதீப் திரையில் தோன்றினார். சொந்த ஊர் போடிக்குப் பக்கத்துத் தேவாரம். சந்தோஷம் வந்தால் ஊர்ப்பேச்சும் வந்துவிடும்.

"உன்னைய அங்க அனுப்ப முடியல. அதுக்கென்ன? அங்கிட்டு இருக்கிற பன்னெண்டு பேர் சோலியும் உங்கிட்டயே வருது! போடியில இருந்தே பாரு. வெரசா கத்துக்க."

"அந்தப் பன்னெண்டு பேரு?"

"அவங்களுக்குக் கம்பெனி 'புதிய வாய்ப்பு' தருது. வெளியில."

வேலையை ஒப்படைக்கும் பொறுப்பு அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தியான டெப்ராவுக்கு வந்தது. ஆறு வருஷமாகத் திரை வழியே தஸ்னீமுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அமெரிக்க அம்மாள். இரண்டு வாரம் ஒரு வரி விடாமல் விளக்கினாள். கடைசி நாளில்தான் கேட்டாள்:

"நீ இங்கே வந்திருந்தால் என் வேலை போயிருக்குமா?"

"இல்லை. உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன்."



பன்னிரண்டு பேருக்கும் திரையிலேயே நடந்த பிரிவுபசாரக் கூட்டத்தில் நிறுவனத்தின் மேலதிகாரி உணர்ச்சிவசப்பட்டார். "உங்கள் நாற்காலியில் ஒரு வெளிநாட்டவரைக்கூட உட்கார விடவில்லை!" கைதட்டல். பிரதீப் தஸ்னீமிடம், "நன்றி சொல்லி ரெண்டு வார்த்தை பேசும்மா" என்றார்.

தஸ்னீம் பேசினாள். "டெப்ரா, உங்களைக் காப்பாற்ற என்னை எல்லையிலேயே நிறுத்திவிட்டார்கள். உங்கள் வேலை அதே எல்லையைத் தாண்டி வந்தது. அதை ஒருவரும் நிறுத்தவில்லையே, ஏன்?"

அத்துடன் அவள் ஒலி துண்டிக்கப்பட்டது. கூட்டக் குறிப்பைப் பிரதீப் தம் கையாலேயே எழுதினார்:

'போடியில் மேகமூட்டம், சிக்னல் சரியில்லை. மற்றபடி அமெரிக்க வேலைகள் பன்னிரண்டும் பத்திரமாக உள்ளன. முகவரி மட்டும் மாறியிருக்கிறது.'