மனைவியின் கண்ணில் காளான் சாறு

படிக்காதவன் செய்யத் தயங்குகிற மடத்தனத்தைப் படித்தவன் ஆதாரத்தோடு செய்வான். செய்தவன் சொல்கிறேன்.

திண்டிவனத்தில் முப்பது வருடம் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். போன மழைக்காலத்தில் என் மனைவி ஸ்டெல்லாவுக்கு வலது கண் சிவந்து, இமை திறக்க முடியாமல் பீளை கட்டியது. அன்று பார்த்து, காளான் சாறு கண்நோய் பாக்டீரியாவை அழிப்பதாக ஓர் ஆய்வுக் கட்டுரை என் போனில் வந்தது. முதல் பத்தியைப் படித்தேன். கடைசிப் பத்தியைப் படித்தேன். (நடுப்பக்கம் படிக்காத மாணவர்களை பெஞ்சு மேல் ஏற்றியவன்!)

ஒரு பாக்கெட் சிப்பிக்காளான் வாங்கி, வெந்நீரில் ஊறவைத்து, காபி ஃபில்டரில் வடித்து, பழைய சொட்டு மருந்துக் குப்பியில் நிரப்பினேன்.

"உங்க கண்ணுல வுட்டுப் பாத்தீங்களா?" என்றாள்.

"எனக்குத்தான் கண்ணு நோவே இல்லியே."

"சரி, படிச்சவரு சொல்றீங்க" என்று அண்ணாந்து படுத்தாள். அந்த நம்பிக்கை இன்னும் என்னைக் குத்துகிறது.

இரண்டே சொட்டு. அவள் போட்ட கூச்சலில் எதிர் வீட்டுக்காரர் ஓடி வந்தார். எவ்வளவு கழுவியும் எரிச்சல் அடங்கவில்லை. "மங்கலா தெரியுதுங்க" என்றாள். விழுப்புரத்துக்கு பஸ் ஏறினோம். வழியெல்லாம் அவள் முந்தானையால் கண்ணைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"கண்ணுல என்னம்மா போட்டீங்க?" என்று கேட்டார் பெண் டாக்டர்.

நான் முந்திக்கொண்டேன். "பூச்சி வுழுந்துடுச்சி, டாக்டர்."

"என்ன போட்டீங்கன்னு தெரியாம வைத்தியம் பண்ணா பார்வைக்கே ஆபத்து, சார்."

ஸ்டெல்லா ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்கவில்லை. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. குப்பியையும் போனையும் மேசையில் வைத்தேன்.

நான் தாண்டிப் போன நடுப்பகுதியை டாக்டர் பொறுமையாகப் படித்தார்.

"நல்ல ஆராய்ச்சிதான் சார். ஆனா அவங்க கண்ணாடித் தட்டுல வளர்த்த கிருமி மேல விட்டாங்க. நீங்க அம்மா கண்ணுல விட்டுட்டீங்க."

விளக்கடித்து நெடுநேரம் பார்த்தார். "கருவிழிக்கு ஒண்ணும் ஆகல. பார்வை வந்துடும்."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். (உட்காரட்டும் என்று நோயாளிதான் எழுந்து ஸ்டூலைக் கொடுத்தாள்.)

ஒரு வாரத்தில் கண் தெளிந்தது. இப்போது நான் போனைப் பார்த்து, "இங்க ஒரு ஆராய்ச்சி…" என்று ஆரம்பித்தால் போதும். மனைவி, மகள், பேத்தி மூவரும் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு, "சொல்லுங்க, கேக்கறோம்" என்கிறார்கள்.