எனக்கு ஏழாம் மாதம் இல்லை என்பது பற்றி

மரியாதைக்குரிய அனந்தராமன் மாமா அவர்களுக்கு,

ஜெர்மனி ஆஹெனிலிருந்து ராகவ் அநேக நமஸ்காரம். தாங்களும் மாமியும் ஹரிப்ரியாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கோபமாக இருக்கிறீர்கள் என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அங்கே யாரும் என் போனை எடுக்கவில்லை. ஆகவே இந்த மின்னஞ்சல்.

அன்று வீடியோ அழைப்பில், ஹரிப்ரியாவுக்குப் பொருத்தம் பார்க்க என் ஜாதகத்தைத் திரையில் காட்டச் சொன்னீர்கள். காட்டினேன். ராகு எங்கே இருக்கிறான் என்று நீங்கள் தேடிக்கொண்டிருந்தபோது, சரியாக அவன் தலைக்கு மேலே, "அன்புத் தாயே! உங்களுக்கு ஏழாம் மாதம் தொடங்கிவிட்டது. இடது பக்கமாகப் படுத்துத் தூங்குங்கள்" என்று ஒரு செய்தி வந்து நின்றது. "ஏன்னா, யாருக்கு ஏழாம் மாசம்?" என்று மாமி கேட்டது என் காதிலும் விழுந்தது. நான் பதறிப்போய், "எனக்குத்தான் மாமி" என்றேன். அதோடு திரை இருண்டுவிட்டது.

மாமா, நான் சொன்னது உண்மை என்பதுதான் என் துரதிர்ஷ்டம். தான்சானியாவில் ஆஸ்பத்திரி தூரமாக இருக்கும் ஊர்களில், கர்ப்பிணிகளுக்கு மாத்திரை, பரிசோதனை எல்லாவற்றையும் போன் வழியே நினைவூட்டும் ஏற்பாட்டை எங்கள் லேப் செய்கிறது. சாதாரண பட்டன் போனே போதும். பதில் அனுப்பாத தாயை அது சும்மா விடாது, வீட்டுக்காரருக்கே செய்தி அனுப்பி உசுப்பிவிடும். அந்த யோசனை அடியேனுடையது, அதற்காகப் பேராசிரியர் லேபில் கேக் வெட்டினார். சோதித்துப் பார்க்க ஒரு கர்ப்பிணி தேவைப்பட்டது, லேபில் யாரும் கிடைக்கவில்லை, அங்குள்ள ஒரு ஊரின் விலாசத்தைப் போட்டு, செய்தி தமிழில் வேண்டும் என்று என்னையே பதிந்துகொண்டேன், பிறகு நீக்க மறந்துவிட்டேன், ஏற்பாடு நிஜமாகவே தொடங்கிவிட்டது, எனக்கும் மாதம் ஏறிக்கொண்டே போனது. பிரசவம் ஆயிற்று என்று ஊர் நர்ஸ் சொன்னால் ஒழிய யாரையும் நீக்க முடியாதபடி கெட்டிக்காரத்தனமாக எழுதி வைத்தவனும் நான்தான். "இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டீர்களா?" என்று தினமும் கேட்கும். நச்சரிப்பு தாங்காமல் "சாப்பிட்டேன்" என்று நானும் பதில் போட்டுக்கொண்டிருந்தேன்.

போன வாரம் அந்த ஊர் நர்ஸ் நீமாவே கூப்பிட்டுவிட்டார். நான் பரிசோதனைக்கு வரவில்லையாம். "சிஸ்டர், நான் ஆண்பிள்ளை, என்ஜினீயர்" என்றேன். "கணவர்கள் எல்லாரும் இப்படித்தான் ஏதாவது சொல்வார்கள். போனை அவளிடம் கொடுங்கள்" என்றார். என் வீட்டைத் தேடி வெயிலில் சைக்கிளில் அலைந்திருக்கிறார். இல்லாத ஒருத்திக்காக அந்தக் குரலில் அவ்வளவு கவலை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, மாமா. எவ்வளவு சொல்லியும் அவர் நம்பாததால், அடுத்த வாரம் அவசியம் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வைத்தேன்.

தாங்கள் இனிக் கவலைப்பட வேண்டாம். நேற்றே அந்தச் செய்திகள் வரும் எண்ணை என் போனில் தடுத்துவிட்டேன். இனி ஒரு செய்தியும் வராது. திரை இருளுமுன் சிரித்தது ஹரிப்ரியா ஒருத்திதான். அந்தச் சிரிப்பை விட்டுவிட எனக்கு மனசில்லை. ஒரே ஒரு முறை போனை எடுக்கச் சொல்லுங்கள்.

மாமிக்கு என் நமஸ்காரங்கள். தங்கள் ஆசியை வேண்டி நிற்கும்,
இன்னும் மாப்பிள்ளை ஆகாத, நிச்சயமாகத் தாயும் ஆகாத,
ராகவ்

பி.கு.: இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. பதிந்தபோது கணவரின் எண்ணையும் கேட்டது. அந்த வாரம்தான் உங்களை முதன்முதலாக அழைக்கத் துணிவில்லாமல் உங்கள் எண்ணை அழுத்துவதும் அழிப்பதுமாக இருந்தேன், மனப்பாடமாக இருந்தது அது ஒன்றுதான், அதையே போட்டுவிட்டேன். நேற்றிலிருந்து நான் பதில் போடவில்லை. ஆகவே இன்று உங்களுக்குச் செய்தி வரும். தயவுசெய்து மாமி எடுப்பதற்குள் நீங்கள் போனை எடுத்துவிடுங்கள். நர்ஸ் நீமா கூப்பிட்டால், நீங்கள் என்ன சொன்னாலும் நம்ப மாட்டார்.